விதை விடாத மரம்

மரம் எப்போது முளைத்தது என்று சிந்துஜாவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே கொஞ்சம் மண் விட்டிருந்தார்கள். குப்பைமேனியும் கீழாநெல்லியும் அங்கே வரும், போகும். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் பின்கதவைத் திறக்கவில்லை. மழை விட்ட பிறகு திறந்தபோது இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி நின்றிருந்தது. அடுத்த கோடைக்குள் அது மதிலைத் தாண்டிவிட்டது.

இலை மேல்பக்கம் நல்ல பச்சை. திருப்பிப் பார்த்தால் புளி போட்டுத் தேய்த்த செம்புப் பாத்திரத்தின் நிறம். பொழுது சாய்ந்ததும் இலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மடங்கிக்கொள்ளும். பூ கிடையாது. கிளையை ஒடித்தால் பால் வராது. ஊறவைத்த அரிசியின் வாசம் மட்டும் லேசாக வரும்.

சிந்துஜாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. உடுமலையிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் ஒரு மனைப்பிரிவில் குடியிருந்தாள். பாதிக்கு மேல் வீடுகள் பூட்டியே கிடக்கும். வாங்கிப்போட்டவர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். கணவர் ரகுநந்தன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, இயந்திரம் செல்லாது என்று தள்ளிவிட்ட விண்ணப்பங்களை மறுபடி படித்து, அவற்றில் நியாயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. எல்லாம் வீட்டிலிருந்தபடி, எழுத்தில்தான். மேலதிகாரியின் குரல்கூட அவளுக்குத் தெரியாது. மேலதிகாரி மனிதர்தானா என்பதும் நிச்சயமில்லை. ஒருநாள் வாசலில் பார்சலோடு நின்றவரிடம் "அங்கியே வெச்சுருங்க" என்று சொல்லப் போனபோது தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

மரம் வந்த பிறகு, யாரிடமாவது கேட்பதற்கு அவளுக்கு ஒரு கேள்வி கிடைத்தது.

முதலில் போனைக் கேட்டாள். இலையைக் காட்டினால் உலகத்தில் உள்ள எந்தச் செடிக்கும் பேர் சொல்லும் செயலி அது. புங்கையாக இருக்கலாம் என்றது. வேறு பக்கமிருந்து காட்டியதும் புங்கையாக இல்லாமலும் இருக்கலாம் என்றது. மூன்றாவது முறை மன்னிப்புக் கேட்டது.

எதிர் வரிசையில் குடியிருந்த பூபதி வந்து பார்த்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு அவரைத் தெரியும், ஆனால் வீட்டுக்குள் வந்ததில்லை. "இது வாதநாராயணனுங்க. சந்தேகமே இல்லை" என்றார். மறுநாள் மனைவி தாரணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாரணி இலையை முகர்ந்துவிட்டு, "உங்களுக்கு எல்லாமே வாதநாராயணன்தான்" என்றாள். இரண்டு பேரும் மரத்தடியில் நின்றபடியே சண்டை போட்டார்கள். சிந்துஜா காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டில் மூன்று டம்ளர்கள் ஒன்றாக வெளியே வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பொள்ளாச்சி சாலையில் நர்சரி வைத்திருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "களைங்க. புடுங்கி எறிஞ்சுருங்க" என்றார். மரம் பார்க்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டாள். அங்கே பெரிய ரகளையே நடந்தது. கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர், இலையடுக்கு ஒரு குடும்பத்துடையது, தண்டு இன்னொரு குடும்பத்துடையது, யாரோ இரண்டு படங்களை ஒட்டி விளையாடுகிறார்கள் என்று எழுதினார். சிந்துஜா மரத்தைச் சுற்றி நடந்து, வேரிலிருந்து நுனிவரை வீடியோ எடுத்துப் போட்டாள். பேராசிரியர் வருத்தம் தெரிவித்தார். அதன்பிறகு காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போனை எடுத்து, யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. யாரோ ஒருவர், "தாவரப் பரிசோதனை மையத்துக்கு இலையை அனுப்பிப் பாருங்களேன்" என்று எழுதியிருந்தார். அனுப்பினாள்.

பதில் கடிதமாக வரவில்லை. ஆளாகவே வந்தது.

வந்த பெண்ணின் பெயர் இதழினி. மையத்தின் கள அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது. மரத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"மேடம், இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. அதுவா முளைச்சுது."

"அதுவா முளைக்காதே."

"முளைச்சிருக்குதே."

இதழினி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். "இது எந்தக் காட்டுலயும் கிடையாது மேடம். ஒரு கம்பெனி உண்டாக்கின மரம். மறுதளிர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

சிந்துஜா கேள்விப்பட்டிருந்தாள். ரகுநந்தன் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாம்பலை மண்ணில் கலந்து ஒரு மரம் நடுவார்களாம். போகிறவர் பேசிவைத்த பேச்சு அந்த மரத்துக்குள் இருக்குமாம். ரகுநந்தன் சிரித்தார். "செத்த பொறகும் பேசணுமா? உசுரோட இருக்கறப்பவே இவ கேக்க மாட்டேங்கறா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் அப்போது சிரித்தாள். அவர் போய் ஒரு வருஷம் கழித்துத்தான், அவர் குரல் எதிலாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். பழைய போனில், "பால் வாங்கிட்டு வரட்டுமா" என்று மட்டும் இருந்தது.

"பேச்சு எப்படிங்க மரத்துக்குள்ள இருக்கும்?" என்று கேட்டாள்.

"பதிவான சத்தம் முழுசையும் குறியீட்டு எழுத்தா மாத்திடுவாங்க. அந்த எழுத்தை மரத்தோட மரபணுவுல ஒரு ஓரமா சேர்த்துடுவாங்க. மரம் ஒவ்வொரு இலை விடும்போதும் அதையும் சேர்த்துப் படி எடுத்துக்கும். ஒரு இலையைப் பறிச்சு, ரீடர்னு ஒரு கருவி, அதுல வெச்சா பேசும். மலைக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்குத் தோட்டம் இருக்கு. அங்கிருந்து பறவை கொண்டுவந்திருக்கணும்."

"அப்ப விதைதானே?"

"அதுதான் பிரச்சினை. இந்த மரம் விதை விடாதுன்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. மரம் அதைப் படிக்கலை போல." இதழினி சிரிக்கவில்லை. "ஒரு மரத்துல ஒரு குரல்தான் வைப்பாங்க மேடம். உங்க மரத்துல ரெண்டு இருக்கு. இது ரெண்டு நினைவு மரத்துக்குப் பொறந்த குழந்தை."

சிந்துஜா மரத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக இரண்டு பேர் பின்கட்டில் நின்றிருக்கிறார்கள்.

"நான் கேக்கலாமா?"

"கூடாது மேடம். வாரிசு மட்டும்தான் கேக்கலாம். அடுத்தவங்க கடுதாசி மாதிரி அது."

விதி என்னவென்று இதழினி சொன்னாள். பதிவில்லாமல் முளைத்த நினைவு மரத்தை எரித்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் குரலுக்குரிய வாரிசு யாராவது, இது எங்களுடையது, இருக்கட்டும் என்று உரிமை கோரினால் மட்டும் விட்டுவைக்கலாம். ஒரு மாதம் அவகாசம். பதிவெண்ணை வைத்து, திறந்து கேட்காமலே, ஒரு குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஈரோட்டுக்காரர், கதிர்வேல் என்று பேர். வாரிசாகப் பதிவாகியிருப்பது அவர் மகன் மட்டும்தான். இன்னொன்று பரிமளா என்ற அம்மாவுடையது. அவருடைய விவரங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் சிந்துஜா குழுவில் விஷயத்தை எழுதினாள். "அப்படியா, அருமை" என்று நிறையப் பேர் எழுதினார்கள். பேராசிரியர் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினார். பிறகு யாரோ ஒருவர் தன் வீட்டுச் சுவரில் முளைத்த காளானைப் போட, எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எதிர்வீட்டு பூபதி வாசலில் நின்றபடியே, "மரத்துக்குள்ள செத்தவங்களா" என்று கேட்டார். தாரணி அதன்பிறகு வரவில்லை. மரத்தின் பேர் தெரியாதவரை எல்லோருக்கும் அதைப்பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது. தெரிந்ததும் பேச்சு முடிந்துவிட்டது.

கதிர்வேலின் மகன் இரண்டு நாளில் போன் செய்தான். கவின் என்று பேர் சொன்னான். குரலைக் கேட்டால் நாற்பத்தைந்து வயது இருக்கும்போலத் தோன்றியது.

"மேடம், உங்களுக்குத் தொந்தரவுக்கு மன்னிக்கணும். அதை வெட்டிரச் சொல்லிட்டனுங்க."

"ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லலாமே."

"பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கப்பா மரம் தோட்டத்துல இருந்துது. நான்தான் அதை வெட்டச் சொன்னேன். வெட்டியாச்சுன்னு சொன்னாங்க. இப்பப் பார்த்தா உங்க வீட்டுல நிக்குது." போனைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. "சரி, வரனுங்க. போன தடவை நான் போய்ப் பார்க்கலை. இந்தத் தடவை கண்ணுல பார்த்துட்டா நிம்மதி."

அடுத்த வாரம் ஒரு காலையில் வந்தான். ஒடிசலான ஆள். இதழினியும் மையத்து வண்டியில் வந்திருந்தாள். கவின் பின்கட்டுக்குப் போகாமல் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்துகொண்டான். மரம் ஜன்னல் வழியே தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

சிந்துஜா இட்லி வைத்தாள். அவன் மறுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா குரல் வேண்டாம்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கெல்லாம் அது கிடைச்சா..." என்று ஆரம்பித்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அது எங்கப்பா குரல் இல்லீங்க அக்கா" என்றான் கவின். மேடம் எப்போது அக்கா ஆனது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருச்சு. எதையும் பேசி வெக்க முடியலை. கம்பெனிக்காரங்க பரவாயில்லைன்னாங்க. பழைய வீடியோ, பேச்சு எதாச்சும் இருந்தாக் குடுங்க, அதுல இருந்து குரலைச் செஞ்சுக்கறோம்னாங்க. அப்பா கடைசியா என்ன சொல்ல ஆசைப்பட்டிருப்பாருன்னு என்னைக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவரு மனசுல இருக்கறதை எங்கிட்டச் சொன்னதே இல்லை. அதனால நான் என்ன கேக்க ஆசைப்பட்டேனோ, அதைச் சொல்லிட்டேன்."

இதழினி தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"'கவின், உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குதுப்பா.' இப்படித்தான் ஆரம்பிக்கும். அவரு என்னைப் பேரு சொல்லியே கூப்பிட மாட்டாரு. ஆனா கேக்க நல்லா இருந்துது. வாராவாரம் ஈரோட்டுல இருந்து தோட்டத்துக்கு வருவேன். கேட்டுட்டு அழுதுட்டுப் போவேன். ரெண்டு மூணு வருஷம் போனேன். ஒருநாள் என் பொண்ணு கேட்டா, தாத்தா கோவம் வந்தா எப்படித் திட்டுவாருன்னு. நடிச்சுக் காட்டலாம்னு வாயைத் திறந்தனுங்க. வரலை. அவரு நிஜமா எப்படிப் பேசுவாருன்னு எனக்கு ஞாபகமே இல்லை. அந்த மரத்துக் குரல்தான் வருது. வீட்டுல இருந்த வீடியோவைப் போட்டா, அதுவும் யாரோ மாதிரி இருக்குது." தண்ணீரைக் குடித்தான். "அன்னைக்குத்தான் வெட்டச் சொன்னேன். வெட்டியும் போன குரல் வரலை."

சிந்துஜா எழுந்து காப்பி கலக்கப் போனாள்.

இதழினிதான் பேசினாள். "சார், முடிவு உங்களோடதுதான். ஆனா பரிமளாம்மா விஷயம் தெரிஞ்சுபோச்சு. அதைச் சொல்லிடறேன். அவங்களுக்கு யாருமே இல்லை. தாராபுரத்துல தனியா இருந்திருக்காங்க. தோட்டத்துல இருந்த அவங்க மரத்தையும், பராமரிப்புக் காலம் முடிஞ்சுதுன்னு எடுத்துட்டாங்க. வந்து கேக்க ஆளில்லை. அவங்க குரல் இப்ப இருக்கறது இந்த மரத்துல மட்டும்தான். இதைக் கேக்க உரிமை யாருக்குன்னு அவங்ககிட்டக் கம்பெனி கேட்டப்போ ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்காங்க. யாருக்காவதுன்னு."

"அப்படின்னா?" என்றாள் சிந்துஜா.

"நீங்க கேக்கலாம் மேடம். சாரும் கேக்கலாம். யாரும் கேக்கலாம்."

மூன்று பேரும் பின்கட்டுக்குப் போனார்கள். கவின் கதவோரமே நின்றான். இதழினி ஒரு இலையைப் பறித்து, கையகல ரீடரில் செருகினாள். எந்தக் குரல் என்று தேர்ந்தெடுத்தாள். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பேசலாமுங்களா?" என்றது ஒரு பெண் குரல். சற்றே கரகரப்பாக, பழகிய ஆளிடம் பேசுவது போல இருந்தது. "சரி. நான் பரிமளா பேசறனுங்க. பெரியாஸ்பத்திரியில முப்பது வருஷம் டோக்கன் நம்பர் கூப்பிட்டுட்டு இருந்தவ. பேரு சொல்லிக் கூப்பிட விட மாட்டாங்க, நம்பர்தான். அதனால மொதல்ல உங்க பேரைச் சொல்லுங்க, கேப்போம்."

பேச்சு நின்றது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரீடர் கெட்டுவிட்டதோ என்று இதழினி குனிந்தாள்.

"சிந்துஜா" என்றாள் சிந்துஜா.

"ம். நல்ல பேரு" என்றது குரல். "என்னை ஏதோ மரத்துக்குள்ள வெப்பாங்களாம். என்ன மரம்னு கேட்டேன், புது மரம்னு சொல்றாங்க. நீங்க அதுக்குக் கீழதான் நிக்கறீங்களா? நெழலு இருக்குதா?"

மறுபடி இடைவெளி. கவின் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு" என்றாள் சிந்துஜா.

"பொய் சொல்லாதீங்க கண்ணு. தனியா இருக்கறவங்க எல்லாம் சாப்பிட்டேன்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்லுவேன்." உள்ளே ஒரு சிரிப்பு. பிறகு யாரோ, 'அம்மா, நேரமாச்சு' என்று அறைக்குள் சொல்வது தூரத்தில் கேட்டது. "நேரமாச்சாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. உங்களுக்குத்தான் வேலை இருக்கும். போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

விசிறிச் சத்தம் நின்றது.

 கதவோரம் கவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதைப் போன்ல பதிவு பண்ணி வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்று அவன்தான் கேட்டான்.

"செத்தவங்க குரலைப் படி எடுக்கறது குற்றம் சார். அந்தக் குரலை வெச்சுச் சொந்தக்காரங்களை ஏமாத்த ஆரம்பிச்ச பிறகு வந்த சட்டம். மரம் இருந்தா குரல் இருக்கும். அவ்வளவுதான்."

"அப்ப அந்தம்மா இருக்கணும்னா நான் உரிமை கோரணும்."

"ஆமா சார். மேடம் கோர முடியாது. அவங்க யாருக்கும் வாரிசு இல்லை."

 இதழினிக்கே அந்த வார்த்தை தப்பாகப் பட்டிருக்க வேண்டும். ரீடரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கவின் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னான். "அக்கா, என்னைக் கல்நெஞ்சக்காரன்னு நினைக்காதீங்க. இதை விட்டுவெக்கணும்னா, அந்தப் பேச்சு எங்கப்பாவோடது, எனக்கு வேணும்னு நான் எழுதித் தரணும். அது அவரோடது இல்லை. எனக்கும் வேண்டாம். மறுபடி எனக்கு அந்தப் பொய்க்குள்ள போக முடியாது."

சிந்துஜா அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முயன்றாள். கிடைக்கவில்லை. இப்படித் தள்ளப்பட்டவற்றில் நியாயம் தேடுவதுதான் அவள் வேலை. இங்கே தள்ளியவனின் பக்கமும் நியாயமாகத்தான் இருந்தது.

இதழினி தன் பழைய ரீடர் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தாள். பரிமளாவின் குரலை மட்டும் திறக்கும்படி அதைச் செய்திருந்தாள். அவகாசம் முடியும்வரை சிந்துஜா தினமும் ஒரு இலை பறித்தாள். பரிமளா ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைத்தான் கேட்டாள். சிந்துஜாதான் பதிலை மாற்றி மாற்றிச் சொன்னாள். ஒருநாள், சாப்பிட்டீங்களா என்றதற்கு, "தக்காளி சாதம். உப்புக் கூடிப்போச்சு" என்றாள். 'பொய் சொல்லாதீங்க கண்ணு' என்றது குரல். சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரித்ததைக் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் சாயங்காலம் வரை போகவில்லை. அந்த இடைவெளிகளை எண்ணி அளந்து வைத்துப் பேசிய பெண்ணுக்கு, பதில் சொல்ல ஒரு ஆள் வருவாள் என்று எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்காது. சும்மா இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

கவினுக்குப் போன் செய்யலாமா என்று பலமுறை நினைத்தாள். கெஞ்சினால் ஒப்புக்கொள்வான் என்று தெரிந்தது. அதனாலேயே செய்யவில்லை.

வெட்டும் நாள் காலையில் இதழினி இரண்டு ஆட்களோடு வந்தாள். ஒருவர் கையில் ரம்பம் இருந்தது. இன்னொருவர் எரிக்கக் கொண்டுபோவதற்குச் சாக்குகள் வைத்திருந்தார். இதழினி சிந்துஜாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அவர்கிட்ட இருந்து ஒண்ணும் வரலை மேடம்."

"தெரியும்."

"வெட்டறதுக்கு முன்னாடி, எதை அழிக்கறோம்னு ரெண்டு குரலையும் ஒரு தடவை போட்டு உறுதி செய்யணும். சாட்சிக்கு வீட்டுக்காரங்க இருக்கலாம். விதியில இருக்கு. நீங்க உள்ள போறதுன்னாலும் போகலாம்."

சிந்துஜா போகவில்லை. பரிமளாவின் குரலை இதழினி ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டாள். பேர் கேட்கும் இடம் வருவதற்கு முன்பே. பிறகு கதிர்வேலின் குரலைத் தேர்ந்தெடுத்தாள். பொய் சொல்லப்போகும் குரலுக்காக சிந்துஜா காத்திருந்தாள்.

குரல் வரவில்லை. கதவு ஒன்று திறக்கும் சத்தம். செருப்பு தரையில் தேய்கிறது. யாரோ ஒருவர் இருமினார். மறுபடி இருமினார். பிறகு தொண்டையைச் செருமினார், நீளமாக, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்துவது போல. அதற்குப் பிறகு ஒரே இரைச்சல்.

இதழினி இன்னொரு இலையைப் பறித்துப் போட்டாள். அதிலும் அதேதான். கருவியில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"பேச்சு போயிருச்சு மேடம். விதைக்குப் போகும்போது ஒரு துண்டு சிதைஞ்சுபோயிருக்கு. வார்த்தை ஒண்ணுகூட இல்லை. முன்னாடி இருக்கறது மட்டும் மிச்சம்."

"இந்த இருமலும் கம்பெனி செஞ்சதா?"

"தெரியலை. பழைய வீடியோவுல இருந்து கொஞ்சம் நிஜச் சத்தத்தை முன்னாடி ஒட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கேக்கறவங்களுக்கு நம்பிக்கை வர்றதுக்காக."

சிந்துஜா உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். கவின் உடனே எடுத்தான். அவனும் அந்த நாளை மறந்திருக்கவில்லை.

"தம்பி, உங்ககிட்ட எதையும் கேக்கறதுக்காகக் கூப்பிடலை. அந்தப் பேச்சு இந்த மரத்துல இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை, அழிஞ்சுபோச்சு. வேற ஒண்ணு இருக்குது. அது உங்களோடது. நான் கேட்டுட்டு நீங்க கேக்காம இருக்கறது சரியில்லை. கேக்கறீங்களா?"

அவன் போனை வைக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, போனை ரீடரின் அருகே பிடித்தாள். கதவு திறந்தது. செருப்பு தேய்ந்தது. இருமல். மறுபடி இருமல். செருமல்.

"கவின்?" என்றாள்.

"சாயங்காலம் ஆச்சுன்னா," என்றான். குரல் எங்கோ தள்ளியிருந்து வருவதுபோல இருந்தது. "சாயங்காலம் நானும் என் தங்கச்சியும் படிக்கறோமான்னு பார்க்க வருவாரு. நேரா வந்து நிக்க மாட்டாரு. கதவைத் திறந்து, இப்படிச் செருமிட்டுத்தான் வருவாரு. அந்தச் சத்தம் கேட்டா நாங்க டிவியை அணைச்சுட்டுப் புஸ்தகத்தைப் பிரிச்சுருவோம். அவரு உள்ள வர்றதுக்குள்ள பிரிச்சிருவோம். நாங்க பிரிக்கட்டும்னுதான் செருமறாருன்னு இத்தனை வருஷம் எனக்குத் தோணவே இல்லை அக்கா."

சிந்துஜா காத்திருந்தாள்.

"இப்பக்கூட, கேட்டதும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். ஆபீஸ்ல இருக்கேன். நாற்பத்தாறு வயசாச்சு." சிரித்தானா என்று தெரியவில்லை. "அந்த அதிகாரியம்மா இருக்காங்களா?"

"பக்கத்துலதான் இருக்காங்க."

"எங்கப்பாவோடதுதான்னு சொல்லுங்க. எனக்கு வேணும்."

சிந்துஜா சொன்னாள். இதழினி ரம்பத்தோடு நின்ற ஆளைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார்.

"அக்கா, இன்னொரு தடவை போட முடியுமா?" என்றான் கவின்.

சிந்துஜா ஒரு புது இலையைப் பறித்து ரீடரில் செருகினாள். போனைத் துவைக்கிற கல்லின் மேல் அதற்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பிறகு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னலில் பார்த்தபோது இதழினியும் ஆட்களை அழைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். மரத்தடியில் ஆள் யாருமில்லை. கதவு திறக்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது. அவள் குழாயைத் திறந்து, கழுவ வேண்டியிராத டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் மற்றது காதில் விழாதபடி.